வெந்நீர் பிளாஸ்க்

அந்த நர்சுக்குத் திமிர் தலைக்கேறிவிட்டது என்பதில் மாமியாருக்குச் சந்தேகமே இல்லை.

பின்னே? கர்ப்பிணி மருமகளைச் செக்கப்புக்கு அழைத்துவருகிற வயசான பொம்பளையை, ஒவ்வொரு தடவையும் வெந்நீர் வாங்கிவரச் சொல்லி விரட்டினால் என்ன அர்த்தம்? கேன்டீன் பக்கத்திலா இருக்கிறது? பின்பக்கக் கட்டடத்தில், மாடியில். லிஃப்ட் வேறு நினைத்தால் வேலை செய்யும்.

அப்படி மூட்டுவலியோடு வாங்கிவந்த பிளாஸ்க்கை நர்ஸ் ஜன்னலோரம் வைப்பாள். கிளம்பும்போது அப்படியே திருப்பிக் கொடுப்பாள். மூடியைக்கூடத் திறந்திருக்க மாட்டாள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மற்ற பெண்களே இதைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள்.

மாமியார் லேசுப்பட்டவள் இல்லை. பெண்கள் விடுதி ஒன்றில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் வராந்தாவில் நடந்தால் கொசுகூடச் சத்தம் போடாது என்று பேச்சு. அப்பேர்ப்பட்டவளை எடுபிடி வேலைக்கு அனுப்ப ஒருத்திக்கு என்ன துணிச்சல்.

மருமகளுக்கு பிரஷர் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மாமியாருக்குத் தூக்கமில்லை. மருமகளுக்கும்தான், மாமியார் தூங்கவிட்டால்தானே. இடது பக்கமாகப் படுத்திருக்கிறாளா என்று டார்ச் அடித்துப் பார்ப்பாள். மாத்திரை உள்ளே போயிற்றா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். உப்பு டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

போதாததற்கு பிரஷர் மிஷின் ஒன்று வாங்கினாள். காலையும் மாலையும் மருமகள் கையில் அதைச் சுற்றிவிட்டு, அவள் முகத்தையும் மிஷினையும் மாறி மாறி உற்றுப் பார்ப்பாள். எண் ஏறிக்கொண்டே போகும்.

கப்பலில் வேலை பார்க்கும் மகன் போனில், அம்மா இருக்கிறவரைக்கும் எனக்கு ஒரு கவலையும் இல்லை என்றான். கடல் நடுவில் இருக்கிறவன் தாராளமாகச் சொல்லலாம்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருக்கும்போது தைரியம் சொல்வதும் மாமியார் பொறுப்புதான். "எங்க சித்தி பொண்ணுக்கும் இப்படியேதான் கால் வீங்குச்சு" என்று ஆரம்பித்து, "பாவம், தங்கமான பொண்ணு" என்று முடிப்பாள். நடுவில் என்ன ஆயிற்று என்று சொல்ல மாட்டாள். பிள்ளைத்தாய்ச்சியிடம் அதையெல்லாம் சொல்லக்கூடாது என்கிற இங்கிதம் அவளுக்கு உண்டு.

வீட்டில் எகிறுகிற பிரஷர் ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஒழுங்குப்பிள்ளையாக இறங்கிவிடும். ஆஸ்பத்திரி மிஷின் ஓட்டை என்று மாமியார் தீர்ப்பே எழுதிவிட்டாள். அதைக் கேட்டு டாக்டரம்மாவும் குழம்பிப்போனாள். வீட்டில் பார்த்ததுதான் நிஜம் என்றால் காத்திருப்பது தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அடுத்த வாரமும் இதே கதை என்றால், மாசம் நிறையும் முன்பே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டாள்.

அந்த அடுத்த வாரமும் வந்தது. மருமகள் காலையிலிருந்தே வயிற்றின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

அறைக்குள் நுழைந்ததும் நர்ஸ் ஆரம்பித்துவிட்டாள். "பெரியம்மா, வெந்நீர்."

"இன்னிக்குமா?"

"இன்னிக்குத்தான் கண்டிப்பா வேணும்."

மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். கேன்டீனில் கேஸ் தீர்ந்துவிட்டதாம், நேரமாகும் என்றார்கள். நல்லதாகப் போயிற்று. காலி பிளாஸ்க்கை நர்ஸின் மேஜையில் வைத்து, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று விறுவிறுவென்று திரும்பி வந்தாள்.

அறைத் திரைக்கு வெளியே கால் தானாக நின்றது. உள்ளே நர்ஸ் டாக்டரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"நூத்தி இருபதுதான் டாக்டர். ரெண்டு தடவை பார்த்துட்டேன். ஆரம்பத்துல அந்தம்மா பக்கத்துல நின்னப்போ எல்லாம் நூத்தி ஐம்பது காட்டுச்சு. அதுலேருந்துதான் வெந்நீருக்கு அனுப்ப ஆரம்பிச்சேன். வீட்டுலயும் அவங்கதான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறாங்க. இதுக்கு எதுக்கு டாக்டர் ஆபரேஷன், பிளாஸ்க் போதும்."

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். இனி வீட்டில் பார்க்க வேண்டாம், அடிக்கடி இங்கேயே வந்து பார்த்துக்கொள்ளலாம், பிள்ளை மாசம் நிறைந்தே பிறக்கட்டும் என்றாள். ஆனால் மாமியாரிடம் காரணத்தைச் சொல்லிவிடுவதுதான் நல்லது என்றாள்.

"வேணாம் டாக்டர்." மருமகளின் குரல். "அத்தை என் மேல உசிரையே வச்சிருக்காங்க. தன்னாலதான்னு தெரிஞ்சா நொறுங்கிப்போயிடுவாங்க. நான் சமாளிச்சுக்கிறேன்."

ஒரு விடுதியையே வாயால் ஆண்டவள், கோபப்பட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தாள். அது வரவில்லை. கண்தான் நிறைந்தது. வந்தது தெரியாமல் கேன்டீனுக்கே போய், கேஸ் வருகிறவரை ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம், வீட்டு மிஷின் ரிப்பேர் என்று மாமியார் அறிவித்தாள். அதையும் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள்.

அடுத்த செக்கப்பில், நர்ஸ் வாயைத் திறக்கும் முன்பே மாமியார் பையைத் திறந்தாள்.

"ஒண்ணு சீக்கிரமா நிரம்பிடுது சிஸ்டர். இன்னிக்கு ரெண்டு பிளாஸ்க் கொண்டாந்திருக்கேன்."