ஹெலிகாப்டரில் இடம்

வேட்டைக் கும்பலின் குண்டு துளைத்த இடத்தை வழிநெடுக அழுத்திப் பிடித்தே வந்ததில், ஹெலிகாப்டர் உதவியாளனின் சட்டையெல்லாம் ரத்தம்.

"கொஞ்சம் தாமதிச்சிருந்தாலும் உயிர் தங்கியிருக்காது. இனி பயமில்ல," என்றார் டாக்டர்.

அந்த நேரம் பார்த்து, குண்டடிபட்ட வனக்காவலரின் மனைவி அவனுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, அவரு கண்ணு முழிச்சாரா? நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா இருக்கேன்."

சற்றுமுன்தான் வயர்லெஸ்ஸில் அவனுக்குச் செய்தி வந்திருந்தது.

"அக்கா, நாங்க தூக்கிட்டு வந்தது புலியை. அண்ணன் மேலயும் புலி மேலயும் குண்டு பாஞ்சிருந்துச்சு. ஹெலிகாப்டர் மிருகத்துக்கு மட்டும்தான்னு அதிகாரி கண்டிப்பா சொல்லிட்டாரு. எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன். அண்ணனை ஜீப்ல ஏத்திட்டாங்க."

"சரி, ஜீப்பு ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்துடுச்சா?"

"இல்லக்கா. பாதி வழியிலயே திரும்பி, உங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கு."