மீன் உயிரோடு இருந்தால்

மீன் உயிரோடு இருந்தது.

சோமசேகரம் வாளியடியில் குந்தியிருந்து திரும்பத் திரும்பப் பார்த்தார். விரலால் தகரத்தைச் சுண்டினார். மீன் விசுக்கென்று வாலை வீசி அடியில் போய் ஒளித்தது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டின சபையில் தண்ணீர் வேலை பார்க்கும் ஓவசியர், தலை நரைத்த மனிதர், சின்னஞ்சிறு குளத்து மீன் ஒன்றைப் பார்த்து அழுகிறார் என்று தெரிந்தால் ஊர் பகிடி பண்ணியே கொன்றுவிடும்.

நல்லவேளை, ஊர் வேறு கவலையில் இருந்தது. படலைக்கு வெளியே பைப்படியில் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். பங்குனி மாதத்துத் திங்கட்கிழமை, விரத நாள். அம்மன் கோயிலில் பொங்க வேண்டும். அந்தக் கடற்கரைப் பட்டினத்தில் வீட்டுக் கிணறெல்லாம் உவர். நல்ல தண்ணீர் என்றால் சபையின் பெரிய தொட்டித் தண்ணீர்தான். அதைத்தான் அவர் பூட்டி வைத்திருந்தார்.

தொட்டியில் பாசி படர்ந்து தண்ணீர் நாறத் தொடங்கியிருந்தது. சுகாதாரப் பகுதி டொக்டர் பாசியைக் கொல்ல மயில்துத்தம் கரைக்கச் சொன்னார். கூடினால் அது நஞ்சு, குழந்தை குட்டிகளைத்தான் முதலில் பிடிக்கும் என்று சொல்லி, விதியும் வைத்தார். நிறை பிசகக் கூடாது. கரைத்த பிறகு தண்ணீரைப் பூட்டிவைக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் ஒரு வாளி அள்ளி மீன் விட வேண்டும். ஓர் இரவு கழிந்தும் மீன் உயிரோடு இருந்தால்தான் திறக்கலாம்.

சோமசேகரம் விதியை மயிரிழையும் மீறாத ஆள். நிரம்பிய தொட்டிக்குக் கணக்குப் பார்த்து, தன் கையாலேயே மருந்தை நிறுத்து வைத்தார். தண்ணீர் வராது, சேர்த்து வையுங்கள் என்று ஒலிபெருக்கிக் கார் பிடித்துத் தெருத் தெருவாகச் சொல்லுவித்தார்.

ஊர் சொன்னபடி கேட்டது. குடம், கிடாரம், பிள்ளை குளிப்பாட்டும் பேசின் எல்லாம் நிரம்பின.

மனிதர் அதைத்தான் யோசிக்கவில்லை. சனிக்கிழமை மைமல் இருட்டில், மருந்துச் சாக்கைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இழுத்து இழுத்துக் கரைத்தபோது, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அவர் பார்க்கவில்லை. மறுநாள் வெளிச்சத்தில் சுவரில் ஏறிப் பார்த்தார். ஊர் அள்ளிய அள்ளில் தொட்டி அரைவாசிக்கு இறங்கியிருந்தது. முழுத் தொட்டிக்கு நிறுத்த மருந்து அரைத் தொட்டிக்குள் கரைந்து கிடந்தது.

பம்பை ஓடவிட்டார். பங்குனி வெயிலில் வற்றிய சபையின் நன்னீர்க் கிணறுகள் கொஞ்சம் இருமிவிட்டு நின்றுகொண்டன.

பின்னேரம் சபைத் தலைவர் வந்தார். திங்கட்கிழமைப் பொங்கலுக்குத் தண்ணீர் இல்லையென்றால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

மருந்து கூடிப்போனதைச் சோமசேகரம் ஒருவருக்கும் சொல்லவில்லை. வெட்கம். மீன் சொல்லட்டும் என்று, தொட்டித் தண்ணீரில் ஒரு வாளி அள்ளிக் குளத்து மீன் ஒன்றை விட்டு வாசலில் வைத்தார். செத்தால் தொட்டியைத் திறந்து கடலுக்கு ஓடவிடுவது, வேலை போனால் போகட்டும். பிழைத்தால் எல்லாரும் பிழைத்தோம்.

பம்படிக்குப் பக்கத்தில்தான் அவருடைய குவாட்டர்ஸ். விரதத்துக்கு வீடு கழுவிக்கொண்டிருந்த மனைவி மகாதேவி, இதென்ன வாசலில் மீன் என்று கேட்டாள். அது சபை வேலை, உனக்கேன் என்று வெட்டிவிட்டார். ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கியில் சொன்னவர் வீட்டில் சொன்னது அவ்வளவுதான்.

இரவு முழுக்க வாளியடியில் கதிரை போட்டிருந்தவர், விடியப்புறம் தன்னையறியாமல் கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது வாசலோரச் செவ்வரத்தைச் செடியடி ஈரமாகக் கிடந்தது. மகாதேவி முழுகிவிட்டாள் போலும் என்று நினைத்தபடி வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

மீன் உயிரோடு இருந்தது.

"ஐயா, கெதியாத் துறவுங்கோ. நேற்றுத் துவக்கம் பிள்ளை உவர்த்தண்ணிதான் குடிக்குது."

சின்னத்தங்கம். சந்தையில் மீன் விற்பவள். இடுப்பில் வாடிய பிள்ளை. அவளிடம் இருந்ததே ஒரு குடம்தான், அது ஞாயிறு காலையிலேயே முடிந்துவிட்டது.

"துறக்கிறன் பிள்ளை, துறக்கிறன்" என்றார். குரலில் இப்படி ஒரு குளிர்ச்சி அவருக்கே புதிது.

வால்வுச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார். குழாய்கள் பெருமூச்சு விட்டன. பைப்படியில் தண்ணீர் கொட்டும் சத்தமும் பெண்களின் சிரிப்பும் சேர்ந்து கேட்டன. நேற்றுக் காலையிலிருந்து நெஞ்சில் இருந்த கல் இறங்கிற்று.

மகாதேவி ஈரத்தலையோடு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வாசலுக்கு வந்தாள். வாளிக்குள் குனிந்து பார்த்தாள். அவள் முகமும் மலர்ந்தது.

"தெளிஞ்சிட்டுது, பாவம். விடியப்புறம் முழுக வரேக்கை வாயை ஆவெண்டு கொண்டு மல்லாந்து கிடந்தது. பங்குனித் திங்களும் அதுவுமா எங்கடை வாசலிலை ஒரு சீவன் சாகிறதோ? அந்தத் தண்ணியைச் செவ்வரத்தைக்கு ஊத்திப்போட்டு, நான் சேத்து வைச்ச குடத்துத் தண்ணியை விட்டன்."

சோமசேகரத்தின் கை இன்னும் சக்கரத்தில்தான் இருந்தது.

படலைக்கு அப்பால் சின்னத்தங்கம் பைப்புக்குக் கீழே கையை ஏந்தி, முதல் தண்ணீரைப் பிள்ளையின் வாயில் விட்டாள். பிள்ளை விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தது.

அவள் சிரித்துக்கொண்டு மறுபடியும் கையை ஏந்தினாள்.