சந்தியாகப்பர் அனுப்பிய சூப்

“பயப்படாமச் சாப்பிடுங்க பெரியவரே. பூண்டு போடலை.”

சதூரியோவின் கரண்டி பாதி வழியில் நின்றது. புர்கோஸ் நகரிலிருந்து தன்னந்தனியாக நடக்க ஆரம்பித்து அன்று மூன்றாம் நாள். அந்தக் கிராமத்தில் அவருக்கு ஒரு ஈயைக்கூடத் தெரியாது.

பூண்டு இல்லாமல் வெந்நீர்கூட வைக்காத சீமை அது. பூண்டு சேர்ந்தால் தன் வயிறு ஊரைக் கூட்டிவிடும் என்று அவர் வழியில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

“எனக்குப் பூண்டு ஆகாதுன்னு யார் சொன்னது?”

“சொன்னாங்க,” என்றாள் யாத்ரீகர் விடுதியை நடத்தும் பெண். “முழங்கால் வலி, மேல் கட்டில் ஏற முடியாது, கீழ்க் கட்டிலாக் கொடுங்கன்னும் சொன்னாங்க.”

“அதான், யாரு?”

“பேரைச் சொல்லக் கூடாதாம்.” அவள் கட்டைவிரலால் மேலே காட்டினாள். மேட்டுச் சாலையில் சாயங்கால பஸ் உறுமிக்கொண்டு திரும்பியது. சதூரியோ அதற்கும் மேலே, வானத்தைப் பார்த்தார்.

அவர் லேசில் எதையும் நம்புகிற ஆளில்லை. முப்பத்தைந்து வருடம் பூட்டு ரிப்பேர் செய்தவர். திறந்து பார்க்காத எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. இந்த நடைப்பயணமே மனைவி காசில்டாவோடு போட்ட பந்தயம்தான்.

“சந்தியாகப்பர் கோயில் வரைக்கும் ஒரு தடவை தனியா நடந்து பாரு,” என்றிருந்தாள் அவள். “உன்னைப் பார்த்துக்க ஒருத்தர் இருக்காங்கன்னு அப்பத் தெரியும்.”

“நடக்கறேன். செல்போன்கூட வேண்டாம். மேல ஒருத்தரும் இல்லைன்னு நிரூபிச்சுட்டு வர்றேன். தோத்தா, சாகற வரைக்கும் ஞாயித்துக்கிழமை பூசைக்கு உன்கூட வர்றேன், போதுமா?”

இப்போது அந்தப் பந்தயம் அவர் தொண்டையில் சூப்போடு சேர்ந்து இறங்கியது.

நான்காம் நாள் போன ஊரிலும் கீழ்க் கட்டில் காத்திருந்தது. ஐந்தாம் நாள் பூண்டில்லாத பயறு. ஏழாம் நாள் தொப்பலாக நனைந்து போய்ச் சேர்ந்தால், தலையணைமேல் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை இருந்தது, அதுவும் அவர் அளவில். சதூரியோ அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் காலில் மாட்டினார். அதற்கப்புறம் யார் சொன்னது என்று அவர் எந்த விடுதியிலும் கேட்கவில்லை. கேட்பதே விசுவாசக் குறைவு என்று தோன்றிவிட்டது.

லெயோன் நகரைத் தாண்டுவதற்குள் அவர் மற்ற யாத்ரீகர்களுக்கு உபதேசம் செய்ய ஆரம்பித்திருந்தார்.

“எதுக்கப்பா இவ்வளவு பெரிய மூட்டை?” என்றார் ஒரு ஜெர்மன்காரரிடம். “மாத்துக் காலுறையைத் தூக்கிப் போடு. அவர் பார்த்துப்பார்.”

ஜெர்மன்காரர் நம்பித் தூக்கிப் போட்டார். மறுநாள் மழை கொட்டியது. ஈரக் காலோடு வந்து நின்றவரைச் சதூரியோ பரிதாபமாகப் பார்த்தார். “உனக்கு இன்னும் விசுவாசம் பத்தலை.”

மலை ஏற ஆரம்பித்ததும் அவருக்கே அடி விழுந்தது. ரபனால் ஊரில் கட்டில் காலியில்லை என்று கதவைச் சாத்தினார்கள். கோயில் தாழ்வாரத்தில் சுருண்டு படுத்தார். அடுத்த ஊரில் மேல் கட்டில்தான் கிடைத்தது. அதில் ஏற அவரை இரண்டு போலந்துப் பெண்கள் கீழேயிருந்து முட்டுக்கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. சூப்பில் பூண்டு மிதந்தது. அவர் வயிறு போட்ட சத்தத்தில் இடி என்று நினைத்து ஒருவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

விடிந்ததும் சதூரியோ வலிக்கிற முழங்காலை மண்ணில் ஊன்றி, நாற்பது வருடத்தில் முதல்முறையாக அழுதார். “ஜெர்மன்காரன்கிட்டப் பெருமை அடிச்சது தப்புதான். மன்னிச்சுடும்,” என்று வேண்டிக்கொண்டார். அன்று மாலை போன ஊரில் கீழ்க் கட்டில், பூண்டில்லாத சூப், கூடவே முழங்காலுக்கு ஒரு டப்பா தைலம்.

இருபத்துநான்காம் நாள் சந்தியாகப்பர் பேராலயத்து முற்றத்தில் காசில்டா நின்றிருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே கல்தரையில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். அவள் தன் வீங்கின காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டாள்.

“அப்ப ஞாயித்துக்கிழமை பூசைக்கு வருவே?”

“ஞாயித்துக்கிழமை என்ன, தினமும் வருவேன். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதே. நாப்பது வருஷமா முழங்கால் போட்டு ஜெபம் பண்றியே, உனக்கு இந்த மாதிரி ஒரு காலுறையாவது வந்திருக்கா?”

காசில்டா காலைப் பிடிப்பதை நிறுத்தினாள்.

“வராது,” என்றார் சதூரியோ. “நீ வீட்ல சொகுசா உக்காந்து நம்பினவ. நான் நடந்து நம்பினவன். கொடுக்கும்போது எல்லாரும் நம்புவாங்க காசில்டா. அந்த மலையில ரெண்டு நாள் என்னைக் கைவிட்டாரே, அதுதான் பாடம். ஏன் அந்த ரெண்டு நாளும் என்னைச் சோதிச்சார்? அதெல்லாம் உனக்குச் சொன்னாப் புரியாது.”

காசில்டா ஒரு கணம் கோபுரத்தைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

“அந்த ரெண்டு நாளும் பஸ் ஸ்டிரைக்.”