பெண்கள் விடுதி

வெண்டல் ஹாஸ்கெட் கணினித் திரையில் ஒரு வீட்டை மட்டும் கட்டை விரலால் மறைத்துக்கொண்டார். நகர நூலகத்தின் வரைபடப் பிரிவில் இருபது வருடமாக இருப்பவர், இப்படி ஒரு வேலையை இதற்கு முன் செய்ததில்லை.

"விரலை எடுங்க வெண்டல். எங்க வீடு அதுக்கு அடியிலதான் இருக்கு" என்றாள் லோர்னா.

லோர்னா கடைத்தெருவில் பேக்கரி நடத்துபவள். அவளுடைய கொள்ளுப்பாட்டி அகஸ்டா கட்டிய வீட்டைத் திங்கட்கிழமை இடித்துவிட்டு, கார் நிறுத்த இடம் போடப்போகிறார்கள். பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடம் என்று வெண்டல் கையெழுத்துப் போட்டால்தான் வீடு பிழைக்கும்.

திரையில் இருந்தது 1904-ல் தீக் காப்பீட்டுக்காக வரைந்த நகர வரைபடம். எந்த வீடு சீக்கிரம் எரியும் என்று தெரிய வேண்டுமே. சர்வேயர் தெருத்தெருவாக நடந்து, மர வீட்டுக்கு மஞ்சள், செங்கல் வீட்டுக்கு ரோஸ் என்று வண்ணமடித்து, உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் எழுதியிருந்தார். போன மாதம்தான் அதை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியிருந்தார்கள்.

வெண்டல் வேறு வழியில்லாமல் விரலை எடுத்தார். மஞ்சள் கட்டத்துக்குள் 'பெண்கள் விடுதி' என்று இருந்தது.

"அட, அழகா எழுதியிருக்காரே. பின்கட்டுல ஒரு ரூம் இருக்கா பாருங்க. அங்கதான் பிரசவம் பார்ப்பாங்களாம்."

"இருக்கு" என்றார் வெண்டல். விடுதியில் ஏன் அத்தனை பிரசவம் என்று இவள் யோசிக்கவே இல்லையே என்று அவருக்குப் பாவமாக இருந்தது.

"லோர்னா, கொஞ்சம் உட்காருங்க."

"உட்கார்ந்துதானே இருக்கேன்."

"அந்தக் காலத்து சர்வேயருங்க ரொம்ப நாசூக்கு. சில தொழிலை அந்தப் பேர் சொல்லி எழுத மாட்டாங்க. வேலைக்குப் போற பொண்ணுங்க தங்கினா வெறும் விடுதின்னு போடுவாங்க. பெண்கள் விடுதின்னு போட்டா..." வெண்டல் தொண்டையைச் செருமினார். "வந்து போறவங்க ஆம்பளைங்கன்னு அர்த்தம்."

லோர்னா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும். அகஸ்டா எல்லாத்தையும் நோட்டுப் போட்டு எழுதி வச்சிருக்கா."

வெண்டல் நிமிர்ந்து உட்கார்ந்தார். இனி நாசூக்கு தேவைப்படவில்லை.

"அப்ப நேராவே சொல்லிடறேன். எங்க தாத்தா நாப்பது வருஷம் இந்த ஊருக்கு நீதிபதி. ஹாஸ்கெட் வீட்டுக் கையெழுத்தை இந்த மாதிரி எடத்துக்குப் போட முடியாது. தப்பா நினைக்காதீங்க."

லோர்னா தப்பாக நினைக்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். வெண்டல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

லோர்னா பொறுமையாகக் கேட்டாள்:

"அப்போ, நீதிபதி பிறந்த வீட்டை இடிக்கச் சொல்லிடலாமா?"