எதிர்ப்பக்கத் திரை

இந்தப் பெண்ணையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் அன்னபாக்கியம் எழும்பிப் போவார் என்று முத்துலிங்கம் காலையிலேயே முடிவு கட்டிவிட்டார். கனடா மாப்பிள்ளையின் தாய் அல்லவா! சின்ன மகனும் கட்டார் நாட்டில் வேலையாம். ஏழு மாதமாகக் கிருலப்பனையிலிருந்து பஸ் ஏறி வந்து, பத்துப் பெண்களைத் தட்டிக் கழித்தாயிற்று. ஒரு வீட்டார் பெரிய இடமாம். இன்னொரு வீட்டார் துருவித் துருவிக் கேள்வி கேட்டார்களாம்.

"ஒண்டும் தெரியேல்லை, முத்துலிங்கத்தார். கறுப்பாக் கிடக்கு" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அன்னபாக்கியம்.

அது வேறு தலையிடி. வெள்ளவத்தையில் கலியாணம் பேசிப் பிழைக்கும் முத்துலிங்கத்தின் மேசையில் ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு திரைகள். ஒன்று அவரைப் பார்த்தபடி. மற்றது வருகிறவர்களைப் பார்த்தபடி. எதிர்ப்பக்கத் திரையில் பெண்ணின் படம், படிப்பு, வேலை மட்டும் வரும்.

அவருடைய திரையில் மட்டும் கடைசியில் 'உள்விஷயம்' என்று ஒரு கட்டம் உண்டு. பெண்வீட்டார் காதோடு சொன்னதெல்லாம் அதற்குள் இருக்கும். நேற்று கம்ப்யூட்டர் தன்பாட்டில் ஏதோ அப்டேட் செய்துகொண்டது. இன்று எதிர்ப்பக்கத் திரை செத்துக் கிடக்கிறது.

இன்று பார்த்தா இப்படி ஆகவேண்டும்? இன்றைய பெண் பாலேஸ்வரி, முப்பத்துமூன்று வயது டீச்சர். அவளுடைய தம்பியை இராணுவச் சுற்றிவளைப்பில் சந்தேகத்தின் பேரில் பிடித்துப் பதினான்கு மாதமாகத் தடுப்புக் காவலில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் உள்விஷயம்.

அந்தக் கதை வெளியே கசிந்து ஏற்கெனவே நாலு சம்பந்தம் முறிந்துவிட்டது. "கலியாண எழுத்து முடியும் மட்டும் மூச்சு விடாதேங்கோ" என்று போன கிழமை அவளுடைய தாய் இதே கதிரையில் இருந்து அழுதுவிட்டுப் போனார். முத்துலிங்கத்துக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓம் என்று தலையாட்டிவிட்டார்.

கம்ப்யூட்டர் பார்க்கும் றவூப்புக்குப் போன் எடுத்தார்.

"இப்ப வர ஏலா அண்ணன், நுகேகொடைல ஒரு ஒஃபிஸ்ல ஈக்கிறேன். நான் சொல்றத அமத்துங்க. செட்டிங்ஸுக்குப் போனா ரெண்டு பெட்டி தெரியும். ரெண்டாம் நம்பர அமத்துங்க."

"அமத்திட்டன்."

"கீழ மூணு வட்டம் ஈக்கும். அதுல வந்து…"

அத்தோடு லைன் அறுந்தது. திரும்பத் திரும்ப எடுத்தும் கிடைக்கவில்லை.

முத்துலிங்கம் தானே மவுஸைப் பிடித்தார். முதல் வட்டத்தை அமத்தினார். அவருடைய திரையும் ஒரு கணம் இருண்டு, ஓரத்தில் செட்டிங்ஸும் மற்றப் பக்கம் பாலேஸ்வரியின் விவரமுமாகப் பழையபடி வந்தது. இரண்டாவதை அமத்தினார்.

"இப்ப எப்பிடி அக்கா?"

அன்னபாக்கியம் கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இல்லை. அதே கறுப்புத்தான்."

இனி மூன்றாவதைத் தொட்டு இருப்பதையும் கெடுத்துக்கொள்ள முத்துலிங்கத்துக்குத் தெம்பில்லை. "கிடக்கட்டும், நான் வாயால சொல்லுறன்" என்று தன் திரையில் பாலேஸ்வரியின் பக்கத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசிக் கட்டத்தை மட்டும் சத்தமில்லாமல் தாண்டினார்.

"சகோதரங்கள்?" என்று கேட்டார் அன்னபாக்கியம்.

"ஒரேயொரு தம்பி."

"என்ன செய்யிறார்?"

இருபது வருடமாக இந்தத் தொழிலில் எத்தனையோ பொய் சொன்ன நாக்கு, இன்று ஏனோ புரள மறுத்தது. "உங்கட சின்னவரைப் போலத்தான் அக்கா. கட்டாரில வேலை" என்று ஒருமாதிரிச் சொல்லி முடித்தார்.

அன்னபாக்கியம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். வெளியே வீதியில் ஒரு பஸ் நின்று புறப்பட்டது.

"தாய் எப்பிடி இருக்கிறா? இரவில நித்திரை கொள்ளுறாவோ?"

சம்பந்தம் பேச வந்த இடத்தில் இதென்ன கேள்வி! "சுகமா இருக்கிறா" என்று முத்துலிங்கம் மழுப்பினார்.

"சரி, எனக்குச் சம்மதம். மகனோட நான் கதைக்கிறன், நீங்கள் ஒரு நல்ல நாளாப் பாருங்கோ."

முத்துலிங்கத்துக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "படம்கூடப் பாக்கேல்லையே, அக்கா?"

"வடிவான பிள்ளை. சிரிச்ச முகம்."

முத்துலிங்கம் எழும்பி மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அவருடைய திரையில் இருந்ததெல்லாம் ஒரு எழுத்துக் குறையாமல் எதிர்ப்பக்கத் திரையிலும் இருந்தது: படம், படிப்பு, வேலை, கடைசியில் உள்விஷயம்.

ஒரு பிள்ளையின் வாழ்க்கையை ஒரு வட்டத்தை அமத்திக் கெடுத்துவிட்டோமே என்று நெஞ்சு பதறியது. வாயால் சொன்ன சம்மதத்தை வாயாலேயே திருப்பி எடுக்க எவ்வளவு நேரம் செல்லும்? பொய் வேறு பிடிபட்டுவிட்டது. வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அக்கா, பொம்பிளை வீட்டாரில பிழை இல்லை. மறைச்சது நான்தான். அந்தப் பிள்ளையை மட்டும் வேண்டாமெண்டு சொல்லிப்போடாதேங்கோ…"

அன்னபாக்கியம் கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

"என்ட சின்னவன் கட்டாரில இல்லை, முத்துலிங்கத்தார். அவனும் தடுப்பிலதான்."