ஹெட்போனுக்கு மட்டும்

"எக்கோ நல்லா வர்றதாக் காட்டுங்க அண்ணா. குளியலறையில பாடற மாதிரி இருக்கக் கூடாது. பெரிய மண்டபத்துல பாடற மாதிரி இருக்கணும்."

துவான் மூன்று சவுண்ட் கார்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். நியத் தாவ் எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் அவர் கடை ஒரு கட்டில் அகலம்தான். குயென் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பாடறது நீங்களா?"

"நான் ஜப்பானிய மொழி டீச்சர். சாயங்காலம் வீட்லேருந்து வகுப்பு எடுக்கறேன். நான் பாடம் ஆரம்பிக்கிற நேரம் பார்த்து அவரு மைக்கை எடுப்பாரு. லேப்டாப்ல பாட்டைப் போட்டு, இடுப்பு உயர ஸ்பீக்கரை மாட்டி..."

"பொலேரோவா?"

"பொலேரோதான். எல்லாம் காதல் தோல்விப் பாட்டு. என் மாணவர்களுக்கு ஜப்பானிய மொழி வரலை, அந்தப் பாட்டெல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு. ரெண்டு பேர் புகார் குடுத்துட்டாங்க. இன்னொண்ணு வந்தா வகுப்பை வேற டீச்சருக்குக் குடுத்துடுவாங்களாம். அந்தச் சம்பளத்துலதான் வீடு ஓடுது."

"அப்ப உங்களுக்குத்தான் கார்டு வேணும். வெளிச் சத்தத்தை வடிகட்டறது இருக்கு."

"வாங்கிப் பார்த்தாச்சு. என் குரலை வடிகட்டிட்டு அவரு குரலை விட்டுடுச்சு."

துவான் சிரித்தார். "உங்க வீட்டுக்காரர்கிட்ட நேரா சொல்லிட வேண்டியதுதானே தங்கச்சி?"

குயென் கையிலிருந்த ஐஸ் காப்பியை உறிஞ்சினாள்.

"பாடாதீங்கன்னு எப்படிச் சொல்றது? மனசு நொந்துடும். நல்ல மனுஷன். தண்ணி மோட்டார் கெட்டுப் போனா கூப்பிடக்கூட வேண்டாம், ஸ்பானரோட வந்து நிப்பாரு. பெரியவர் ஒருத்தர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாரு. அன்னிக்கு ரெண்டு பாட்டு சேர்த்துப் பாடினாரு."

"சரிதான். நம்ம ஆம்பிளைங்க மைக்கைப் பிடிச்சா விடமாட்டாங்க. நானும் அப்படித்தான்."

"உங்க வீட்ல பாவம்" என்றாள் குயென்.

துவான் முதல் கார்டைக் கடை லேப்டாப்பில் செருகி, ஹெட்போனையும் மைக்கையும் கொடுத்தார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, "ஒண்ணு, ரெண்டு" என்றாள். முகம் சுளித்தாள்.

"குரல் கொஞ்சம் பின்னாடி வருதே."

"விலை குறைவு. லேப்டாப்புக்குள்ள போயிட்டு வர்ற நேரம் அது."

"இது ஆகாது. கடுப்பாகி மறுபடியும் ஸ்பீக்கரை மாட்டிடுவாரு."

இரண்டாவதில் குரல் உடனே காதில் விழுந்தது.

"இதுதான் இப்ப எல்லாரும் வாங்கறது" என்றார் துவான். "ஹெட்போனுக்கு ஒரு வழி, ஸ்பீக்கருக்கு ஒரு வழி."

"ஸ்பீக்கர் வழி வேண்டாம். அடைச்சுத் தருவீங்களா?"

"யாராவது புதுப் பொருளை அடைப்பாங்களா? அப்படின்னா மூணாவது இருக்கு. குரல் இதே தரம்தான். ஆனா ஹெட்போன் மட்டும்தான் போடலாம். அந்தக் குறையாலயே விக்காம கிடக்குது."

"குறையில்லை அண்ணா. அதைப் போடுங்க."

துவான் எக்கோ குமிழைத் திருகினார். குயென் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மெல்ல ஒரு வரி பாடினாள். பாதியில் நிறுத்தினாள். அவள் குரல் மாதிரியே இல்லை. துவான் ஒரு பொத்தானை அழுத்தினார். காதுக்குள் நூறு பேர் கை தட்டினார்கள். அவள் அந்தப் பொத்தானைத் தானே இன்னொரு முறை அழுத்தினாள்.

"இதைக் கேட்டா ஸ்பீக்கர் பக்கம் போகமாட்டாரு" என்றாள்.

"ஆனா கேக்க ஆள் இல்லாம எந்தப் பாடகனும் பாடமாட்டான் தங்கச்சி."

"போன்ல நேரலையாப் போடச் சொல்லப் போறேன். கேக்க ஆள் ஏற்பாடு பண்ணியாச்சு. சத்தத்தை அணைச்சுட்டு இதயம் இதயமா அனுப்புவாங்க."

துவான் பெட்டியைச் சிவப்புத் தாளில் சுற்றினார். "பரிசா?"

"நாளைக்குப் பிறந்த நாள்."

"இப்படி ஒரு பொண்டாட்டி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்ற துவான், வாழ்த்து அட்டையை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "'என் அன்புக் கணவருக்கு'ன்னு போடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம். 'பக்கத்து வீட்டு லோக் அண்ணனுக்கு'ன்னு போடுங்க" என்றாள் குயென். "கீழ எங்க சந்துல இருக்கிற மத்த பதினேழு வீட்டு நம்பரையும் எழுதிடுங்க. எல்லாரும் பங்கு போட்டு வாங்கறோம்."