பதினோராம் குழியில் மூடுபனி

கடலிலிருந்து ஏறி வரும் மூடுபனி பதினோராம் குழியின் கொடியை மெல்ல விழுங்குகிறது. எங்கள் ஸ்காட்லாந்துக் கரையோர கோல்ஃப் மைதானத்தில் இது வழக்கம்தான். முன்னால் ஆடியவர்கள் எல்லோரும் திரும்பிப் போய்விட்டார்கள். சிக்ரிட் மட்டும் போக மறுக்கிறாள். போன கோடையில் அவள் கணவர் ஓலோஃப் இந்த மணல்மேட்டுச் சரிவில்தான், ஆட்டத்தின் நடுவே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அன்று அவருடைய மட்டைப்பையைச் சுமந்து வந்தவன் நான். யார் நல்ல அடி அடித்தாலும் கையுறையைக் கழற்றாமலே நிதானமாகக் கைதட்டுவார். அவர் விட்ட இடத்திலிருந்து ஆடி முடிக்க, சுவீடனிலிருந்து தனியாக வந்திருக்கிறாள்.

"இங்கதானா, கேலம்?"

"இன்னும் கொஞ்சம் இடதுபக்கம், மேடம்."

ஈரப்புல்லில் பந்தை வைக்கிறாள். "கடைசியா என்ன சொன்னார்?"

"காத்தைத் திட்டினார், மேடம். எங்க ஊர்க் கெட்ட வார்த்தையில. நான்தான் காலையில சொல்லிக் கொடுத்தேன்."

"அப்போ சந்தோஷமாத்தான் இருந்திருக்கார்" என்று சிரிக்கிறாள். சிரிப்பு பாதியில் உடைகிறது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மட்டையை ஓங்குகிறாள். சுத்தமான அடி. பந்து வெண்மைக்குள் புகுந்து மறைகிறது. அது விழும் ஓசைக்காகக் காது கொடுக்கிறோம். அலைகூட அடங்கியதுபோல் இருக்கிறது. கொடி இருக்க வேண்டிய திசையிலிருந்து, கையுறை போட்ட கை தட்டும் மந்தமான சத்தம் வருகிறது, நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக. யாரென்று குரல் கொடுக்க வாயைத் திறக்கிறேன். சிக்ரிட் என் கையைப் பற்றுகிறாள்.

"கூப்பிடாதீங்க, கேலம். மெதுவா நடந்தே போவோம்."